ஜன்னலுக்குள் அடங்காத செல்போன்

அமெரிக்காவில், சியாட்டில் நகரத்துக்குப் பக்கத்தில் ரெட்மண்ட் என்று ஓர் ஊர். மைக்ரோசாஃப்ட்டின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. 2010 செப்டம்பரில் ஒருநாள், அந்த வளாகத்துக்குள் ஒரு சவ ஊர்வலம் போனது.

பயப்படாதீர்கள். செத்தது ஆள் இல்லை. ஐபோன்! கூடவே பிளாக்பெர்ரி. இரண்டுக்கும் ராட்சச பொம்மைகள் செய்து, பாடை கட்டி, மாறுவேஷமெல்லாம் போட்டுக்கொண்டு மைக்ரோசாஃப்ட் ஊழியர்களே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரே ஆட்டம் பாட்டம். என்ன விசேஷம்? விண்டோஸ் ஃபோன் 7 என்கிற புது சரக்கை அவர்கள் தயாரித்து முடித்துவிட்டார்கள். இனிமேல் ஐபோனாவது, பிளாக்பெர்ரியாவது, எல்லாம் காலி.

பிளாக்பெர்ரி விஷயத்தில் ஜோசியம் பலித்தது. ஐபோன் விஷயத்தில் பலிக்கவில்லை. பாடை தூக்கியவர்களின் சொந்தப் பிள்ளை என்ன ஆனது? 2020 ஜனவரியில் விண்டோஸ் செல்போனுக்குக் கடைசி அப்டேட் வந்தது. அத்தோடு கதை முடிந்தது. பத்து வருடம்கூட நிறையவில்லை.

பணம் இருக்கிறது. மூளை இருக்கிறது. உலகத்தில் முக்கால்வாசிக் கம்ப்யூட்டருக்கு மேல் உன் பெயர்தான் இருக்கிறது. இப்பேர்ப்பட்ட கம்பெனி செல்போன் சந்தையில் கால் வைக்கலாமா, கூடாதா?

'அதான் தோற்றுவிட்டார்களே, கூடாது என்று எழுதிவிட்டுப் போங்களேன்' என்று நீங்கள் சொல்லலாம். அவ்வளவு சுலபமாகத் தீர்ப்பெழுத முடியாத வழக்கு இது. பில் கேட்ஸ் ஒரு பதில் வைத்திருக்கிறார். சத்யா நாதெள்ளா இரண்டு பதில் வைத்திருக்கிறார். நடுவே, நம் ஸ்ரீபெரும்புதூரில் சில ஆயிரம் குடும்பங்கள் மாட்டிக்கொண்டு முழித்த கதையும் இருக்கிறது.

முதலிலிருந்து வருவோம்.

*

மைக்ரோசாஃப்ட் 1975ல் பிறந்த கம்பெனி. ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கம்ப்யூட்டர், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் என்பது பில் கேட்ஸின் கனவு. ஆனால், அந்தக் கம்ப்யூட்டரை அவர் செய்யப் போவதில்லை. பெட்டியை வேறு யாராவது செய்யட்டும். காம்பேக் செய்யட்டும், டெல் செய்யட்டும், எச்பி செய்யட்டும். உள்ளே ஓடுகிற விண்டோஸ் மட்டும் நம்முடையது. ஒவ்வொரு பெட்டிக்கும் இவ்வளவு என்று கட்டணத்தை வைத்துவிட்டால் போதும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைக் கேட்டால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். இரும்பு வாங்க வேண்டாம். லாரி வைக்க வேண்டாம். கிடங்கில் எலி கடிக்கிறதா என்று பார்க்க வேண்டாம். முதல் பிரதியைத் தயாரிக்கத்தான் கோடிக்கணக்கில் செலவு. அடுத்த பிரதிக்கு? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. விற்கிற காசில் பெரும்பகுதி லாபம். பெட்டி செய்த கம்பெனிகளோ ஒருவரோடு ஒருவர் அடித்துக்கொண்டு, விலையைக் குறைத்துக் குறைத்து, ஓட்டாண்டி ஆகிக்கொண்டிருந்தன.

மேஜையை முடித்தாகிவிட்டது. அடுத்தது கை. 1996ல் விண்டோஸ் சிஇ வந்தது. உள்ளங்கைக் கம்ப்யூட்டர்களுக்கான விண்டோஸ். பிறகு பாக்கெட் பிசி. பிறகு விண்டோஸ் மொபைல். எல்லாவற்றிலும் அதே ஸ்டார்ட் பட்டன், அதே மெனு. குத்திக் குத்தி வேலை செய்ய ஒரு குச்சி. பங்களாவில் இருந்த பீரோ, கட்டில், சோபா எல்லாவற்றையும் ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்குள் தள்ளியதுபோல இருந்தது. உட்காரத்தான் இடமில்லை.

இந்தப் பக்கம் செல்போன் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. பெட்டி செய்தவர்களுக்கு என்ன கதி ஆனது என்று அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாளைக்கு நமக்கும் அதே கதி என்றால்? 1998 ஜூனில் நோக்கியாவும் எரிக்ஸனும், சையான் என்கிற பிரிட்டிஷ் கம்பெனியோடு கைகோத்து, சிம்பியன் என்ற கூட்டுக் கம்பெனியை ஆரம்பித்தன. மோட்டோரோலாவும் சேர்ந்துகொண்டது. செல்போனுக்கான மென்பொருளை நாமே செய்துகொள்வோம், ரெட்மண்ட்காரர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டாம் என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

முன்வாசல் பூட்டியிருந்ததால் மைக்ரோசாஃப்ட் பக்கவாசலைத் தேடியது. தைவானில் எச்டிசி என்று அப்போது அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கம்பெனி. பிரிட்டனில் ஆரஞ்ச் என்ற செல்போன் சேவை நிறுவனம். இந்த இருவரின் துணையோடு 2002ல் முதல் விண்டோஸ் ஸ்மார்ட்போன் கடைக்கு வந்தது. போகப்போகக் கொஞ்சம் கௌரவமும் கிடைத்தது. பரம எதிரியாக இருந்த பாம் கம்பெனியே 2006ல் தன்னுடைய ட்ரியோ போனில் விண்டோஸைப் போட்டு விற்றது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் செல்போனுக்கு லேட்டாக வந்தது என்று பலரும் சொல்வார்கள். இல்லை. ஆப்பிள் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே அவர்கள் உள்ளே வந்து, பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

*

2007 ஜனவரி 9. சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனைத் தூக்கிக் காட்டினார்.

அப்போது மைக்ரோசாஃப்ட்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர். ஒரு பேட்டியில் ஐபோன் பற்றிக் கேட்டபோது, வாய்விட்டுச் சிரித்துவிட்டார். 500 டாலரா! கீபோர்டுகூட இல்லையே, ஆபீஸ்காரர்கள் எப்படி ஈமெயில் அடிப்பார்கள் என்கிற ரீதியில் போனது அவர் பேச்சு. அந்த வீடியோ இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது, பாவம்.

பால்மரை அசடு என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டில் படித்தவர். 1980ல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்து, அதன் வியாபாரத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர். விலை பற்றி அவர் சொன்னது சரிதான். சில மாதங்களிலேயே ஆப்பிள் 599 டாலர் ஐபோனை 399 டாலருக்கு இறக்கியது. பால்மர் தப்பாகப் போட்டது வேறு கணக்கு. செல்போன் வாங்குபவர் யார்? ஆபீஸ். இதுதான் அவர் மனத்தில் இருந்தது. ஏனென்றால், விண்டோஸை வாங்குவது ஆபீஸ். மைக்ரோசாஃப்ட் ஆபீஸை வாங்குவதும் ஆபீஸ்தான். தன் கடைக்கு வருகிற வாடிக்கையாளரையே அவர் செல்போன் சந்தையிலும் தேடினார்.

ஆனால், உண்மையான இடி ஆப்பிளிடமிருந்து வரவில்லை. கூகுளிடமிருந்து வந்தது. 2005லேயே ஆண்ட்ராய்ட் என்ற சின்னக் கம்பெனியை கூகுள் சத்தமில்லாமல் வாங்கிவிட்டது. 2007 நவம்பரில், பல செல்போன் கம்பெனிகளைக் கூட்டிவைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு செய்தது. எங்கள் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். விலை?

இலவசம்.

போச்சா! ஒவ்வொரு போனுக்கும் இவ்வளவு கட்டணம் என்று மைக்ரோசாஃப்ட் உட்கார்ந்திருக்கிறது. எதிர்க்கடையில் அதையே சும்மா தருகிறார்கள். கூகுளுக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? அதன் கல்லாப்பெட்டி வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் தேடத் தேட, விளம்பரம் பார்க்கப் பார்க்க அங்கே காசு விழும். எத்தனை பேர் கையில் இன்டர்நெட் போன் இருக்கிறதோ, அத்தனைக்கு அத்தனை லாபம். ஊருக்கெல்லாம் இலவசமாக பஸ் விட்டு, தன் கடை வாசலில் கொண்டுவந்து இறக்குகிற மாதிரி. எச்டிசி, மோட்டோரோலா, சாம்சங் என்று விண்டோஸ் போன் செய்துகொண்டிருந்தவர்களே அந்த பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

2008 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. 500 அப்ளிகேஷன்களோடு ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அன்றோடு செல்போன் என்பது ஒரு பொருளாக மட்டும் இல்லை. அது ஒரு சந்தை ஆகிவிட்டது. பாண்டி பஜார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைகள் இருப்பதால் ஜனங்கள் வருகிறார்கள். ஜனங்கள் வருவதால் கடைகள் பெருகுகின்றன. இந்தச் சக்கரம் ஒருமுறை சுற்ற ஆரம்பித்துவிட்டால், பிறகு பக்கத்துத் தெருவில் நீங்கள் பளிங்குத் தரை போட்டு, ஏசி வைத்து மாடி கட்டினாலும் கூட்டம் வராது.

*

மைக்ரோசாஃப்ட் பதறியது. பதற்றத்தில் செய்கிற காரியம் எப்படி இருக்கும் என்பதற்கு கின் ஓர் உதாரணம்.

டேஞ்சர் என்று ஒரு கம்பெனி. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. அமெரிக்க இளசுகளிடம் பிரபலமாக இருந்த சைட்கிக் போனை உருவாக்கியவர்கள் இவர்கள். 2008ல் மைக்ரோசாஃப்ட் இதை வாங்கியது. டேஞ்சர் ஆட்களிடம் கைவசம் வேலை செய்கிற மென்பொருள் இருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு விண்டோஸ் சிஇ அடிப்படையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள் என்று உத்தரவு வந்தது. விண்டோஸ் இல்லாமல் நம் வீட்டில் ஒரு போனா? அதே வளாகத்தில் இன்னொரு கோஷ்டி விண்டோஸ் ஃபோன் 7 செய்துகொண்டிருந்தது. இரண்டு கோஷ்டிக்கும் நடுவே வழக்கமான பஞ்சாயத்து.

காலம் ஓடியது. 2010 மே மாதம் கின் போன்கள் கடைக்கு வந்தன. ஜூன் 30ம் தேதி கின்னுக்கு மூடுவிழா அறிவித்தார்கள். முழுசாக இரண்டு மாதம்கூட இல்லை!

அடுத்து வந்த விண்டோஸ் ஃபோன் 7, சும்மா சொல்லக்கூடாது, நல்ல போன். ஐபோனைப் பார்த்துக் காப்பியடிக்காமல், பெரிய பெரிய வண்ணக் கட்டங்களோடு தனக்கென்று ஒரு முகம் வைத்திருந்தது. வாங்கியவர்கள் பலர் அதை நேசித்தார்கள். ஆனால், சந்தையில் கடைகளைக் காணோம். பழைய விண்டோஸ் மொபைலுக்காக எழுதிய அப்ளிகேஷன் எதுவும் புது போனில் ஓடாது என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று சிலர் புதிதாகக் கடை போட்டார்கள். 2012ல் விண்டோஸ் ஃபோன் 8 வந்தது. முந்தைய வருடங்களில் போன் வாங்கியவர்களுக்கு அது கிடையாது என்றார்கள். அப்ளிகேஷன் எழுதுபவர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் ஒரே சமயத்தில் அல்வா. ஒரே வீட்டு ஓனர் இரண்டு முறை காலி பண்ணச் சொன்னால், மூன்றாவது முறை யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்?

உலகமே இன்ஸ்டாகிராம், இன்ஸ்டாகிராம் என்று அலைந்துகொண்டிருந்தபோது விண்டோஸ் ஃபோனில் அது இல்லை. 2013 கடைசியில்தான் வந்து சேர்ந்தது. ஸ்னாப்சாட் வரவே இல்லை. யூடியூப் கதை இன்னும் சுவாரஸ்யம். கூகுள் தன் அப்ளிகேஷனைத் தரவில்லை என்று 2013ல் மைக்ரோசாஃப்ட்டே ஒன்றைச் செய்தது. விளம்பரம் வராது, வீடியோவைச் சேமித்துக்கொள்ளலாம் என்கிற வசதிகளோடு! கூகுள் சும்மா விடுமா? எடு என்றது. எடுத்தார்கள். திருத்திப் போட்டார்கள். மறுபடி மறித்தது. ஒரு காலத்தில் கம்ப்யூட்டர் உலகில் யார் கடை போடலாம், யார் போடக்கூடாது என்று நாட்டாமை செய்த கம்பெனி, இப்போது இன்னொருவர் வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தது.

*

இதே நேரம் ஃபின்லாந்தில் நோக்கியா தள்ளாடிக்கொண்டிருந்தது. 1865ல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, ரப்பர் பூட்ஸ், கேபிள் என்று எதையெதையோ செய்து, கடைசியில் செல்போனில் உலக நம்பர் ஒன் ஆன கம்பெனி. 2007ல் உலகத்தில் விற்ற ஐந்து செல்போனில் கிட்டத்தட்ட இரண்டு நோக்கியா. ஆனால், ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பதில் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை.

2010ல் ஸ்டீபன் ஈலாப் என்ற கனடாக்காரரைத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். ஃபின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர். அதற்கு முன்னால் எங்கே இருந்தார்? மைக்ரோசாஃப்ட்டில். 2011 பிப்ரவரியில் ஊழியர்களுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். கடல் நடுவே எண்ணெய்க் கிணற்று மேடை தீப்பிடித்து எரிகிறது, நிற்பவன் குதித்தாக வேண்டும், நம் நிலைமையும் அதுதான் என்றது கடிதம். அது வெளியே கசிந்துவிட்டது. எங்கள் சரக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்று முதலாளியே சொன்னால், அந்தச் சரக்கை எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்?

பிப்ரவரி 11ம் தேதி லண்டனில் ஈலாபும் பால்மரும் ஒரே மேடையில் நின்றார்கள். இனி நோக்கியா ஸ்மார்ட்போனில் விண்டோஸ். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மைக்ரோசாஃப்ட் 25 கோடி டாலர் நோக்கியாவுக்குத் தரும். அன்றைக்கே நோக்கியாவின் பங்கு 14 சதவிகிதம் விழுந்தது.

லூமியா போன்கள் வந்தன. நன்றாகவே இருந்தன. 2013ல் உலகில் இருந்த விண்டோஸ் ஃபோன்களில் ஐந்தில் நான்குக்கு மேல் நோக்கியாவுடையவை. பார்க்க வெற்றி மாதிரி தெரியும். பால்மருக்கு அது பயமாகத் தெரிந்தது. நோக்கியா திவாலாகிவிட்டால்? அல்லது ஆண்ட்ராய்ட் பக்கம் தாவிவிட்டால்? விண்டோஸ் ஃபோனைச் செய்ய ஆளே இருக்காது. பயம் வீண் இல்லை. 2014 பிப்ரவரியில் நோக்கியா ஓர் ஆண்ட்ராய்ட் போனை வெளியிடவே செய்தது.

ஒரே வழி, வாங்கிவிடுவது. பல வருடங்களாகப் பெட்டியை மற்றவர் செய்யட்டும் என்று இருந்த கம்பெனி, இப்போது உலகம் பூராவும் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு செல்போன் வியாபாரத்தை வாங்கப் போகிறது. டைரக்டர்கள் ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ளவில்லை, காரசாரமான வாக்குவாதம் நடந்தது என்று பின்னால் பத்திரிகைகள் எழுதின. பால்மர் தனக்குக் கீழே இருந்த தலைகளிடமும் கருத்துக் கேட்டார். அதில் ஒருவர் ஹைதராபாத்தில் பிறந்து, மணிபாலில் எஞ்சினியரிங் படித்துவிட்டு, 1992ல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தவர். வேண்டாம் என்று வாக்களித்தேன் என்று 2017ல் வந்த தன் புத்தகத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

2013 ஆகஸ்டில் பால்மர் ஓய்வு பெறப் போவதாக அறிவித்தார். செப்டம்பர் 3ம் தேதி ஒப்பந்தம் வெளியானது. 544 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் சுமார் 720 கோடி டாலர். 2014 பிப்ரவரி 4ம் தேதி புதிய தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

யார்? வேண்டாம் என்று கை தூக்கினாரே, அவரேதான். சத்யா நாதெள்ளா. தத்து எடுக்காதீர்கள் என்றவர் மடியிலேயே பிள்ளையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

*

இந்த ஒப்பந்தத்தின்படி நோக்கியாவிலிருந்து மைக்ரோசாஃப்ட்டுக்கு மாற வேண்டியவர்கள் சுமார் 32,000 பேர். அதில் சில ஆயிரம் பேர் சென்னைக்குப் பக்கத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரில் இருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலை 2006ல் தொடங்கியது. நோக்கியா மட்டும் வரவில்லை. சார்ஜர் செய்பவர், உதிரிபாகம் செய்பவர் என்று ஒரு பரிவாரமே பக்கத்தில் வந்து இறங்கியது. பிளஸ் டூவோ, டிப்ளமோவோ முடித்த பிள்ளைகள், அதிலும் நிறையப் பெண்கள், கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். முதல் சம்பளத்தில் அப்பாவின் கடனை அடைத்தவர்கள் உண்டு. தம்பியைப் படிக்க வைத்தவர்கள் உண்டு. நல்ல காலத்தில் அங்கே நேரடி வேலையில் மட்டும் 8,000 பேர் வரை இருந்தார்கள்.

2013 ஜனவரியில் வருமான வரித்துறை அங்கே சோதனை போட்டது. செல்போனுக்குள் ஏற்றும் மென்பொருளுக்காக சென்னைத் தொழிற்சாலை ஃபின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்புகிறது. அது ராயல்டியா, சரக்கு வாங்கிய காசா? ராயல்டி என்றால் இங்கே வரி பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. ஆகவே 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கட்டு என்றது துறை. தமிழக அரசின் வணிக வரித்துறை தனியாக இன்னொரு 2,400 கோடி கேட்டது. தொழிற்சாலையைக் கைமாற்றத் தடை. வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனது. 3,500 கோடிக்கு உத்தரவாதம் தந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நோக்கியா தரவில்லை.

2014 ஏப்ரல் 25ம் தேதி நோக்கியாவின் செல்போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது. ஸ்ரீபெரும்புதூரை விட்டுவிட்டு.

கல்யாணப் பந்தியில் பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி. தொழிற்சாலை நோக்கியா பெயரில் இருக்கிறது. நோக்கியாவிடம் செல்போன் வியாபாரம் இல்லை. வியாபாரம் மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டுக்குத் தொழிற்சாலை சொந்தமில்லை. கூலிக்குச் செய்து கொடுங்கள் என்று கொஞ்ச நாள் ஓட்டினார்கள். விருப்ப ஓய்வு என்ற பெயரில் சுமார் 5,000 பேர் போனார்கள். 25 வயதில் விருப்ப ஓய்வு! பிறகு மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. 2014 நவம்பர் 1ம் தேதி தொழிற்சாலை மூடப்பட்டது. அதை நம்பி வந்த பக்கத்துக் கம்பெனிகள் சிலவும் பூட்டின.

வரித்துறை செய்தது சரியா, நோக்கியா செய்தது சரியா என்று இன்றைக்கும் வாதாடலாம். 2018ல் இரு நாட்டு வரி அதிகாரிகளும் பேசி, சுமார் 1,600 கோடி ரூபாயில் மத்திய அரசின் வரி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். நான்கு வருடம் முன்பே பேசியிருந்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் வரிப் பிரச்னையே இல்லாமல், மைக்ரோசாஃப்ட்டிடம் முறைப்படி போய்ச் சேர்ந்த ஊர்களும் தப்பிக்கவில்லை. 2014 ஜூலையில் 18,000 பேரைக் குறைப்பதாக நாதெள்ளா அறிவித்தார். அதில் 12,500 பேர் நோக்கியாவிலிருந்து வந்தவர்கள். அடுத்த வருடம் இன்னும் 7,800. ஃபின்லாந்தில் நோக்கியாவாலேயே வளர்ந்த சாலோ என்ற ஊரில், மிஞ்சியிருந்த கடைசிப் பிரிவையும் மூடினார்கள்.

2015 ஜூலை 8ம் தேதி மைக்ரோசாஃப்ட் 760 கோடி டாலரை ரைட் ஆஃப் செய்தது. அதாவது, இந்தச் சொத்துக்கு இனி இந்த மதிப்பு இல்லை என்று கணக்கில் எழுதிக் கழிப்பது. ஒப்பந்தத்தின்போது அறிவித்த விலையைவிட அதிகம். அந்தக் காலாண்டில் கம்பெனிக்கு 320 கோடி டாலர் நஷ்டம். அதுவரை அதன் சரித்திரத்தில் அவ்வளவு நஷ்டம் வந்ததில்லை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட் எழுந்து நின்றுவிட்டது. கணக்குப் புத்தகத்தில் இது ஒரு வரிதான். 25 வயதில் வேலை போனவருக்கு அப்படி எழுதிக் கழிக்க ஒரு நோட்டுப் புத்தகம் கிடையாது.

*

சரி, தீர்ப்புக்கு வருவோம். இறங்கியிருக்கலாமா, கூடாதா?

2019ல் பில் கேட்ஸ் ஒரு மேடையில் பேசினார். ஆப்பிள் அல்லாத போன்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் இருந்தது, அந்த இடம் 40,000 கோடி டாலர் பெறும், அதை கூகுளிடம் விட்டதுதான் என் மிகப்பெரிய தவறு என்றார். இது ஒரு கட்சி. நாதெள்ளா முதலில் எதிர்க்கட்சி. நாற்காலிக்கு வந்த இரண்டாவது மாதமே, ஆப்பிள் ஐபேடுக்கு மைக்ரோசாஃப்ட் ஆபீஸை வெளியிட்டார். யார் போனாக இருந்தால் என்ன, அதில் நம் சரக்கு ஓடினால் போதும் என்பது அவர் பாதை. கிளவுட் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டின் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. சொந்தமாக செல்போன் இல்லாமலேயே! ஆனால் அதே நாதெள்ளா 2023ல் ஒரு பேட்டியில், செல்போனை விட்டு வெளியேறியதை வேறு மாதிரி கையாண்டிருக்கலாம் என்று வருத்தப்பட்டிருக்கிறார்.

என் வாக்கு எங்கே? 'இறங்கலாமா' என்பதைவிட 'எதற்காக இறங்குகிறாய்' என்பது முக்கியமான கேள்வி. மைக்ரோசாஃப்ட் மூன்று முறை இறங்கியது. முதலில் மென்பொருள் வாடகைக்கு விட்டது. பிறகு ஒரு சின்ன போன் கம்பெனியை வாங்கியது. கடைசியில் ஒரு பெரிய போன் கம்பெனியையே வாங்கியது. மூன்று முறையும் நோக்கம் ஒன்றுதான். விண்டோஸைக் காப்பாற்ற வேண்டும். போன் வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்பது எப்போதும் இரண்டாவது கேள்வியாகவே இருந்தது.

ஆப்பிளைப் பாருங்கள். 2006ல் அதன் வருமானத்தில் சுமார் 40 சதவிகிதம் ஐபாட் தந்தது. ஐபோன் வந்தால் ஐபாட் சாகும். தெரிந்தேதான் இறக்கினார்கள். கூகுள் மென்பொருளைச் சும்மா கொடுத்து ஜெயித்தது. அதே கூகுள் 1,250 கோடி டாலருக்கு மோட்டோரோலாவை வாங்கிப் போன் வியாபாரியாக ஆசைப்பட்டபோது, இரண்டே வருடத்தில் பெரும்பாலான காப்புரிமைகளை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை 291 கோடிக்கு லெனோவாவிடம் தள்ளிவிட்டது. அமேசான் தன் கடைக்கு ஆள் பிடிக்க 2014ல் ஒரு போன் விட்டது. சில மாதங்களில் 17 கோடி டாலர் கணக்கில் கழிந்தது. பழைய கடையைக் காப்பாற்றத் திறக்கிற புதுக் கடைக்கு வாடிக்கையாளர் வருவதில்லை. எத்தனை கோடி கொட்டினாலும்.

ஸ்ரீபெரும்புதூரில் பூட்டிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையை, நோக்கியாவுக்கு அங்கேயே சார்ஜர் செய்து கொடுத்துக்கொண்டிருந்த சால்காம்ப் கம்பெனி வாங்குவதாக 2019ல் அறிவிப்பு வந்தது. ஐபோனுக்கும் சார்ஜர் செய்கிற கம்பெனி அது. பக்கத்தில் ஃபாக்ஸ்கான் ஐபோனே செய்கிறது. மறுபடி பஸ்கள் வருகின்றன. மறுபடி பிளஸ் டூ முடித்த பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போகிறார்கள். நல்லது.

அடுத்த முறை ஏதாவது ஒரு பெரிய கம்பெனி புதுச் சந்தையில் இறங்குகிறது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தால், எத்தனை கோடி முதலீடு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பெண்கள் ஏறப்போகிற பஸ் எத்தனை வருடத்துக்கு ஓடும் என்று யாராவது கேட்டார்களா என்றும் பாருங்கள். ரெட்மண்டில் வேண்டும், வேண்டாம் என்று வாக்குக் கேட்டபோது, ஸ்ரீபெரும்புதூரை யாரும் கேட்கவில்லை.